மாந்தீவு: நரம்பைக் கைவிட்ட காலத்தின் கதை

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனையை அண்டிய வயல்வெளிகளில் முடிகிறது. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் அந்த நீர்ப்பரப்புக்குள், மட்டக்களப்பு நகருக்கு அருகே, மாந்தீவு என்றொரு சிறு தீவு உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் அது தொழுநோயாளருக்கான வைத்தியசாலை ஆக்கப்பட்டது. தோணி இல்லாமல் அங்கே போகவும் முடியாது, வரவும் முடியாது. ஆட்சியாளருக்கு அத்தீவின் பயனே அதுதான். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. ஆகவே இந்தக் கரையில் கை மரத்து விரல் மடங்கிய ஒருவருக்கு அரசு காட்டிய இடம் அந்தத் தீவுதான். அந்த இடத்தின் வரலாற்றை நரம்பு பற்றிய அறிவின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அழிந்த நரம்பு மீளாது என்ற தீர்ப்பை வைத்தியமும் சமூகமும் நெடுங்காலம் ஒருசேர நம்பின. வைத்தியம் அந்தத் தீர்ப்பைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டது. சமூகம் இன்னும் திருத்தி முடிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் கைகளும் கால்களும் இழக்கப்பட்டன, இன்றும் இழக்கப்படுகின்றன.

தொழுநோயைத் தோல் நோயாகவே ஊர் அறிந்திருக்கிறது. உடலில் தோன்றும் வெளிறிய படைதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் ஒருவரை முடமாக்குவது தோலிலுள்ள நோய் அன்று, நரம்பிலுள்ள நோய். 1873இல் நோர்வேயின் ஹன்சன் கண்டறிந்த பற்றீரியா உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளில் அது குடியேறுகிறது. முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து உள்ளே வளையும். கணுக்காலின் பின்னால் ஓடும் நரம்பு கெட்டால் உள்ளங்கால் முள்ளையும் உணராது, நெருப்பையும் உணராது. முகத்து நரம்பு கெட்டால் இமை மூடாமல் கண் காய்ந்து பார்வை போகும். இந்தக் கரையின் தொழில்களை நினைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும். மருதமுனையில் தறியில் அறுந்த இழையை விரல் நுனியின் உணர்வால்தான் தேடிப் பிடித்து முடிய வேண்டும். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கரைவலை இழுப்பவனின் உள்ளங்கையைக் கயிறு அறுக்கும்போது வலிதான் அவனுக்குக் காவல். சம்மாந்துறை வயலில் வெறுங்காலோடு இறங்குபவனுக்கும் அடுப்படியில் சட்டி இறக்குபவளுக்கும் அதே காவல்தான். வலி போனால் காயம் தெரியாது. காயம் தெரியாவிட்டால் அது புண்ணாகும். புண் எலும்பைத் தின்னும். நோய் விரல்களை அழுகச் செய்கிறது என்று தலைமுறை தலைமுறையாக நம்பியதற்குக் காரணம், இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இலங்கையில் தொழுநோயாளரைத் தனியே வைக்கும் வழக்கத்தை நிறுவனமாக்கியவர்கள் ஒல்லாந்தர். கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் அவர்கள் கட்டிய இல்லம் 1708 அளவில் நிறைவு பெற்றது. பிரித்தானியர் அதைத் தொடர்ந்து நடத்தியதோடு 1901இல் தொழுநோயாளர் கட்டளைச் சட்டத்தையும் கொண்டுவந்தனர். நோயாளரைப் பிடித்துத் தனிமைப்படுத்தும் அதிகாரம் அதன் மூலம் அரசுக்குக் கிடைத்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1897இல் பேர்லினில் கூடிய தொழுநோய் மாநாடு தனிமைப்படுத்தலைப் பரிந்துரைத்திருந்தது. இந்தியாவில் 1898இல் இதையொத்த சட்டம் வந்தது. ஹெந்தளை மேற்குக்கு என்றால் மாந்தீவு கிழக்குக்கு. ஒரு சட்டத்தின் மறைமுக நம்பிக்கைகளை அது தெரிந்தெடுக்கும் இடம் காட்டிக்கொடுக்கும். குணமாகித் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கப்படுபவரை யாரும் தண்ணீர் சூழ்ந்த நிலத்தில் குடியேற்றுவதில்லை. தீவு என்பது சிகிச்சைக்கான இடமாக இருந்ததைவிட முடிவு சொல்லப்பட்டவர்களுக்கான இடமாகவே இருந்தது. ஊரில் அதற்கு இணையான வழக்கங்கள் முன்பே இருந்தன: தனிக் குடிசை, தனிப் பாத்திரம், அந்த வீட்டில் பெண் எடுக்கத் தயக்கம். சட்டம் அந்த வழக்கங்களுக்கு முத்திரை குத்தியது.

அன்று மருந்து இருக்கவில்லை, ஊரைக் காப்பாற்ற அரசு வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சித்த மருத்துவம் பயன்படுத்திய நீரடிமுத்து எண்ணெய்தான் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேற்கத்திய வைத்தியர்களின் ஊசியிலும் இருந்தது. அதன் பலன் மிகக் குறைவு. ஆனால் தனிமைப்படுத்தலுக்கு உலகமே முன்மாதிரியாகக் காட்டிய நோர்வே அதை எப்படிச் செய்தது என்று பார்க்க வேண்டும். அந்நாடு 1856இலேயே நோயாளருக்கான தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. 1885ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் தனி அறையும் தனிப் படுக்கையும் வைத்துக்கொள்ளக்கூடியவரை வீட்டிலேயே இருக்க அனுமதித்தது, முடியாதவருக்கே வைத்தியசாலை. குடியேற்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்தபோது அந்த மிதமான பகுதி உதிர்ந்துவிட்டது. அதோடு, இந்நோய் எளிதில் தொற்றுவதன்று. மனிதரில் மிகப் பெரும்பான்மையினருக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. நோய் வெளியே தெரியும் நிலைக்கு வந்தவரைப் பிடித்துக்கொண்டு போகும்போது, தொற்ற வேண்டியது வீட்டுக்குள் பெரும்பாலும் தொற்றி முடிந்திருக்கும். தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஒரு வேலையை மட்டும் திறம்படச் செய்தது: முதல் படை தோன்றியவரை மறைந்திருக்கச் செய்தது. சல்போன் மருந்துகள் 1940களில் வந்து நோயை அடக்கிய பிறகும் மாந்தீவு மூடப்படவில்லை. மருந்தில்லை என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், மருந்து வந்த அன்றே தோணிகள் நோயாளரை ஊருக்குத் திருப்பி ஏற்றி வந்திருக்கும்.

சமூகத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. நரம்பைக் கைவிடும் மனப்பான்மை வைத்தியத்தின் மிகப் பழைய ஏடுகளிலேயே இருக்கிறது. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்திய அறுவை மருத்துவச் சுவடியொன்று 48 நோயாளரின் நிலையை விவரிக்கிறது. கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்விழந்தவரைச் சிகிச்சைக்கு எடுக்க வேண்டாதவர் என்று அது வகைப்படுத்துகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கலென் விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறு மட்டங்களில் வெட்டி, எங்கே வெட்டினால் எது செயலிழக்கும் என்று காட்டினார். ஆனால் இழந்ததை மீட்க வழி காணவில்லை. அறுந்த நரம்பைத் தைத்து இணைப்பது பற்றி எழுதிய முன்னோடிகளில் ஒருவராக வைத்திய வரலாற்றாசிரியர்கள் இப்னு சீனாவைக் குறிப்பிடுகிறார்கள். கைவிடக் கூடாது என்ற எண்ணம் 11ஆம் நூற்றாண்டின் இஸ்லாமிய வைத்திய மரபில் இருந்தது என்பது நம் வாசகர் நினைவில் கொள்ளத்தக்கது. 1850இல் ஒகஸ்டஸ் வோலர், வெட்டுண்ட நரம்பிழையின் கலத்தை விட்டுப் பிரிந்த பகுதி சிதைவதை விவரித்தார். ஸ்பெயினின் ரமோன் இ கஹால், கைகால் நரம்புகள் மீள முளைப்பதையும் மூளையிலும் முண்ணாணிலும் முளைகள் தோன்றிச் சற்று நேரத்தில் நின்றுவிடுவதையும் நுணுக்குக்காட்டியில் கண்டார். 1928இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய பெருநூலிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது, வளர்ந்தவரின் மத்திய நரம்புத்தொகுதி மீளாது என்ற ஒற்றை முடிவை. அதை மாற்றும் பொறுப்பை எதிர்கால அறிவியலுக்கு விட்டுச்செல்வதாக அவரே எழுதியிருந்ததைப் பலர் மறந்தனர். சட்டம் நோயாளரைத் தீவில் விட்டதும் அறிவியல் நரம்பைக் கைவிட்டதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். ஒரே நம்பிக்கையின் இரண்டு விளைவுகள்.

முதல் திருத்தம் நம் கடலுக்கு அப்பால், வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் பிறந்து லண்டனில் பயின்ற போல் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்வில்லாத கையில் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று அவர் நிறுவினார். கெடாத தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றிப் பொருத்தி, மூடிய கைகளைத் திறக்கவும் செய்தார். நரம்பு மீளாமலே கை மீண்டது. அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய தலைமையில் வளர்ந்தது. முண்ணாண் முறிந்த ஒருவர் நரம்பு கெட்ட மற்றவரின் கையை நிமிர்த்திய அந்த அறை, இரண்டு நோய்களும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பதற்குச் சான்று. இங்கிலாந்தில் 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் தொடங்கிய முள்ளந்தண்டுப் பிரிவும் இதையே வேறு வழியில் காட்டியது. அதுவரை இத்தகைய நோயாளரில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கொன்றது முறிவு என்பதைவிட, இனிப் பயனில்லை என்று கவனிப்பை நிறுத்தியதே.

இரண்டாவது திருத்தம் ஆய்வுகூடத்தில் நடந்தது. அங்கேதான் மரபணு இக்கதைக்குள் வருகிறது. கஹாலின் மாணவர் தெல்லோ 1911இலேயே கால் நரம்பின் துண்டை விலங்கின் மூளைக்குள் ஒட்டி, மூளையின் இழைகள் அதற்குள் வளர்வதைக் கண்டிருந்தார். 1980களின் தொடக்கத்தில் மொன்றியலில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு அதைத் தெளிவாக நிறுவியது: முண்ணாணில் வளர மறுக்கும் இழை, கைகால் நரம்பின் துண்டைப் பாலமாக வைத்தால் அதனூடே நீண்ட தூரம் வளர்கிறது. குறை இழையில் மட்டும் இல்லை, அது வாழும் சூழலிலும் உண்டு என்பது அதிலிருந்து தெரிந்தது. கைகால் நரம்பில் இழையைச் சுற்றி உறையிடும் சுவான் கலங்கள் காயம் பட்டதும் தம் தொழிலை மாற்றி, சிதைவை அகற்றி, புதிய முளைக்கு வழி அமைக்கின்றன. முண்ணாணில் அவை இல்லை. அங்கே உறையிடும் வேறு கலங்கள் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களைச் சுமக்கின்றன. அவற்றுள் ஒன்றான நோகோவின் மரபணு 2000இல் அடையாளம் காணப்பட்டது. தடை இழைக்கு உள்ளேயும் இருந்தது: வளர்ச்சியை அடக்கிவைக்கும் பிரென் என்ற மரபணுவை எலிகளில் நீக்கியபோது பார்வை நரம்பின் இழைகள் மீள வளர்ந்தன என்று 2008இலும், மூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் இழைகளும் வளர்ந்தன என்று 2010இலும் ஆய்வுகள் வெளிவந்தன. மீளாமை என்பது நரம்பின் இயல்பாகவே எழுதப்பட்ட விதியன்று. வயது முதிரும்போது மூடிவைக்கப்படும் ஓர் ஆற்றல் என்று அவை காட்டின.

மூன்றாவது திருத்தத்தில் தொழுநோயே ஆசிரியராக வந்தது. 2001இல் ஸ்டூவர்ட் கோலின் குழு தொழுநோய்ப் பற்றீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து வெளியிட்டது. வாசிக்கப்பட்ட வகை தமிழ்நாட்டு நோயாளர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டதால் தமிழ்நாட்டின் பெயரின் முதலெழுத்துகளையே தாங்கி நிற்கிறது. சுமார் 32 இலட்சத்து 70 ஆயிரம் எழுத்துகள் கொண்ட அத்தொகுதியில் இயங்கும் மரபணுக்கள் 1,604 மட்டுமே. 1,116 மரபணுக்கள் செத்துப்போன எச்சங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மட்டுமே இரட்டிக்கும் இந்தக் கிருமியை ஏன் இன்றுவரை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை என்பதற்கு அது விளக்கமளித்தது: தனித்து வாழும் கருவிகளை இழந்து, முழுக்க முழுக்கத் தான் புகுந்த உயிரின் கலத்தை நம்பி வாழ்கிறது. எந்தக் கலத்தை? நரம்பில், சுவான் கலத்தை. இலங்கை வேர் கொண்ட விஞ்ஞானி அனுர ரம்புக்கன பல ஆண்டுகள் இந்த உறவை ஆராய்ந்தார். 2013இல் அவருடைய குழு எலிகளில் கண்டது வியப்பானது: பற்றீரியா தான் புகுந்த சுவான் கலத்தின் முதிர்ந்த அடையாளத்துக்குரிய மரபணுக்களை அணைத்து, கருவில் இயங்கும் மரபணுக்களை எழுப்பி, அதைக் குருத்துக் கலம் போன்ற நிலைக்குத் திருப்புகிறது. நோய் பரப்பவே கிருமி அதைச் செய்கிறது. ஆனால் முதிர்ந்த சுவான் கலத்தை இளமைக்குத் திருப்பும் வழி இயற்கையில் உண்டு என்பதற்கும் அதுவே சான்றாயிற்று. மீளாத நரம்பின் அடையாளமாகத் தீவுகளில் ஒதுக்கப்பட்ட நோய், நரம்பை மீட்கும் கேள்விக்கு விடை தேடுவோரின் பாடநூலாகிவிட்டது.

எலியில் கண்டதை மனிதனுக்கு வாக்களிப்பது ஏமாற்று என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பை ஏற்க வேண்டும். பிரென் மரபணு புற்றுநோயைத் தடுத்து வைப்பதும் ஆகும். அதை மனிதரில் அணைப்பது விளையாட்டன்று. நோகோவை மறிக்கும் மருந்து முண்ணாண் காயம்பட்ட மனிதரில் சோதிக்கப்பட்டு 2024இல் வெளியான முடிவில், ஒட்டுமொத்தமாக எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. காயம் முழுமையாக இல்லாதவர் சிலரில் மட்டும் நம்பிக்கைக்கு இடமிருந்தது. மியாமியில் நோயாளரின் சொந்தச் சுவான் கலங்களையே எடுத்து முண்ணாணில் வைக்கும் பரிசோதனை 2012இல் அனுமதி பெற்றது. அது முதலில் காட்டியது பாதுகாப்பைத்தான், நடையை அன்று. ஆகவே குருத்துக் கல ஊசி போட்டு நடக்க வைக்கிறோம் என்று இலட்சங்களைக் கேட்பவரிடம் நம் மக்கள் போகக் கூடாது. ஆனால் மெதுவாக நடக்கும் ஆய்வை வீண் என்று சொல்வதும் பழைய சுவடியின் தீர்ப்பைத் திரும்பச் சொல்வதுதான். இந்த ஆய்வுகளின் உடனடிப் பயன் புதிய சிகிச்சையில் இல்லாவிட்டாலும், நரம்பு மீள்வதற்குக் கால எல்லை உண்டு என்ற அறிவில் இருக்கிறது. கைகால் நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வளரும். முழங்கையிலிருந்து விரல் நுனியை எட்ட ஓராண்டுக்கு மேல் செல்லும். அதற்குள் சுவான் கலங்கள் துணைசெய்யும் வலுவை இழக்கின்றன, தசை மெலிகிறது. தொழுநோயில் நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தவருக்கு வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்து தொடங்குவதற்கு இதுவே காரணம். பிந்தி வந்தவருக்கு, கிருமி செத்த பின்னும் நரம்பு செத்தபடியே இருக்கும்.

இங்கே மற்றொரு மறுப்பு வரும்: ஏழைக் கரைக்குத் தேவை மாத்திரையும் மருந்தகமும், மரபணு ஆராய்ச்சி நமக்கு எதற்கு? மாத்திரை இருக்கிறது. மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை இலங்கையில் 1983இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஓராண்டோ எடுத்தால் நோய் குணமாகும், முதல் சில வேளை மருந்திலேயே தொற்றும் ஆற்றல் போய்விடும். 1995இல் நாடளாவிய அளவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 முதல் 2,000 வரை புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வந்திருக்கின்றனர். கிழக்கு மாகாணத்துக்கு அதில் பங்குண்டு, சிறுவர்களும் அதில் அடக்கம். மருந்து கையில் இருந்தும் நோய் நிற்பது ஏன்? மக்கள் பிந்தி வருவதால். பிந்துவது ஏன்? தீவைப் பற்றிய பயம் தீவைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்பதால். மரபணு அறிவு இந்த இடத்தில்தான் கரைக்கு வந்து சேர்கிறது: இது சாபமன்று, பரம்பரைக் குற்றமன்று, குறிப்பிட்ட ஒரு கலத்தைத் தேடிப் போகும் குறிப்பிட்ட ஒரு கிருமி என்று அது நிறுவிவிட்டது. மருந்துக்கு அடங்காத வகை தோன்றியிருக்கிறதா என்பதையும் இன்று அந்த மரபணு வாசிப்பைக் கொண்டே அறிகிறார்கள். மாத்திரையையும் ஆராய்ச்சியையும் எதிரெதிரே நிறுத்துவது பொய்யான தெரிவு.

வழக்கத்தால் வந்த கேட்டை வழக்கத்தாலேயே திருத்த இந்த ஊர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே கையிலிருக்கிறது. தொழுகைக்கு முன் வுழூச் செய்பவர் நாளுக்கு ஐந்து முறை முகத்தைக் கழுவுகிறார், முழங்கை வரை கைகளைக் கழுவுகிறார், காதுகளைத் தடவுகிறார், கணுக்கால் வரை கால்களைக் கழுவுகிறார். தொழுநோய் நரம்பைத் தொடும் முக்கிய இடங்களின் பட்டியல் ஏறக்குறைய இதுவேதான்: முகத்து நரம்பு, முழங்கை நரம்பு, மணிக்கட்டு, தடிக்கும் காது மடல், கணுக்காலின் பின்புற நரம்பு. தண்ணீரின் குளிர் எங்கே தெரியவில்லை, எந்தப் படை மரத்திருக்கிறது, எந்த விரல் முழுதாக நிமிரவில்லை என்று பார்க்க இதைவிட ஒழுங்கான வேளை வேறெந்தச் சமூகத்துக்கும் வாய்க்காது. குத்பாவிலும் மத்ரஸாவிலும் பாடசாலையிலும் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு சதம் செலவில்லை. அப்படி ஓர் ஐயம் வந்தவர் கல்முனையிலுள்ள அரச வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குத் தயங்காமல் போக வேண்டும். போகிறவரை ஊர் தன்னவராகவே நடத்த வேண்டும், அவர் வீட்டுச் சம்பந்தம் முறியக் கூடாது.

குணமாகாது என்ற சொல்லை வரலாறு மூன்று முறை திருத்தியிருக்கிறது: நரம்பு போனாலும் கையைக் காக்கலாம் என்று வேலூரில், வளர மறுக்கும் இழையும் தகுந்த சூழலில் வளரும் என்று மொன்றியலில், முதிர்ந்த கலமும் இளமைக்குத் திரும்பக் கூடும் என்று நோய்க்கிருமியிடமே கற்ற ஆய்வில். நான்காவது திருத்தத்துக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அது மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள வீடுகளில் நடக்க வேண்டியது: மரத்த விரலை மறைக்காத வீடு, நோயாளரை ஒதுக்காத அயல், ஆறு மாதத்துக்குள் வைத்தியரிடம் கூட்டிப்போகும் உறவு. முறிந்த முண்ணாணை முழுதாக மீட்கும் நாள் எப்போது வரும் என்று இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கெடத் தொடங்கிய கைநரம்பைக் காக்கும் வழி மட்டும் 1983இலிருந்தே நம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இழக்கும் ஒவ்வொரு விரலுக்கும் இனி விதியைக் காரணம் காட்ட நமக்கு உரிமையில்லை.